சளிக்கு ஒரு செட்டு மாத்திரை

காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர், 60 வயதை ஒட்டியவர். இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அவருடைய ஐ.என்.ஆர். அளவு பல மாதமாக 3-ஐ ஒட்டியே இருந்தது. அன்றைக்கு 7.

"பல்லு வெளக்குனா ரத்தமா வருதுங்க டாக்டர்."

"புதுசா ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. சளிக்கு மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்குனேன், அவ்வளவுதானுங்க."

அந்தச் செட்டில் ஒரு ஆன்டிபயாடிக் இருந்தது. சில ஆன்டிபயாடிக்குகள் கல்லீரலில் வார்ஃபரின் சிதைவதைத் தாமதப்படுத்தும். அதோடு, ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யில் ஒரு பங்கைச் செய்து தருபவை பெருங்குடல் பாக்டீரியாக்கள். அவற்றையும் அது கொன்றுவிடும். சளியால் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஈறில் வந்து நின்றது. இத்தனைக்கும் சாதாரணச் சளி வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலானவை பெருங்குடலில்தான். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். பசியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களிலும் அழற்சியைத் தணிப்பதிலும் இந்த அமிலங்களுக்குப் பங்கு உண்டு.

மனநிலைக்கும் குடலுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் 'மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில் உருவாகிறது, அதனால் தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு போகும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். முதல் பாதி சரி. ஆனால் அந்தச் செரோட்டோனின் மூளைக்குள் நுழையாது.

நல்ல பாக்டீரியாக்களை அடைத்துத் தரும் புரோபயாடிக் மாத்திரைகளை நான் எல்லோருக்கும் எழுதுவதில்லை. கொள்ளுப் பருப்பும் கம்மஞ்சோறும் இருந்த வயிற்றில் இப்போது பேக்கரி பப்ஸும் டீயும்; பாக்டீரியாவுக்கு மிஞ்சுவது என்ன? பழையபடி மாறுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுங்கள். திடீரென்று கொள்ளுப் பருப்பைக் கூட்டினால் வயிறு உப்பும். அது பெரும்பாலும் பாக்டீரியா வேலை செய்கிற அறிகுறி. அதற்கும் கேஸ் மாத்திரை தேடி ஓட வேண்டாம்.

அந்த விவசாயியை உள்நோயாளியாகச் சேர்த்து, வார்ஃபரினை நிறுத்திவைத்துச் சரிசெய்தோம். இப்போது எதற்கும் போன் செய்துவிடுகிறார். போன வாரம் விடியக்காலை ஐந்தரை மணிக்கு அழைப்பு. "தொண்டை கரகரங்குதுங்க, மொளகு ரசம் குடிக்கலாங்களா?"