வேப்பர்வேர் என்றால் வாய்ப்பந்தல்

அடுத்த விண்டோஸ் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காலத்தில் நான் வைத்திருந்த பதில் இதுதான்: நிறுவனம் சொல்லும் தேதியோடு ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொன்னது, பெரும்பாலும் பலித்தது. விண்டோஸ் போல் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களான இயங்குதளங்கள் நாள் குறிப்பதும் நாள் தவறுவதும் அவ்வளவு பழைய வழக்கம். அதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது: வேப்பர்வேர். வருகிறது, வருகிறது என்று அறிவிப்பும் விளம்பரமும் தடபுடலாக நடக்க, கடைக்கு மட்டும் வந்து சேராத மென்பொருளுக்கு அந்தப் பெயர்.

வேப்பர் என்பது இலத்தீன் வழி வந்தது, நீராவி. வேர் என்பது பழைய ஆங்கிலத்தில் விற்பனைச் சரக்கு. தமிழில் எழுதும்போது மரத்தின் வேரைப் போல் தோன்றுவது தற்செயல்தான் என்றாலும், வேரே இல்லாத சரக்குக்கு அப்படி ஒரு பெயர் அமைந்தது நல்ல வேடிக்கை. கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஹார்டுவேர் என்றால் இரும்புச் சாமான். நம் கடைவீதிகளில் ‘ஹார்டுவேர்ஸ்’ என்ற பலகைக்குக் கீழே இன்றும் ஆணியும் தாழ்ப்பாளும்தான் கிடைக்கின்றன. அதற்கு எதிர்ச்சொல்லாக சாஃப்ட்வேர் என்பதைப் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி 1958இல் ஒரு கட்டுரையில் எழுதினார். கெட்டி, மென்மை என்ற அந்த வரிசையில் ஆவி மூன்றாவதாக வந்து சேர்ந்தது.

சேர்ந்த கதை 1982இல் தொடங்குகிறது. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது, யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த ஜெனிக்ஸ் என்ற இயங்குதளத்தை விற்றுக்கொண்டிருந்தது. ஆன் வின்பிளாட் என்ற பெண்மணி கணக்குப் பதிவு மென்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தலைவர். அவருடைய சரக்குகளில் சில ஜெனிக்ஸை நம்பியே இருந்தன. அதன் வேலையை நிறுத்தப்போகிறீர்களா என்று அவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இருவரிடம் கேட்டார். நிறுத்தியாயிற்று என்றார்கள், அவர்களில் ஒருவர், அது வெறும் வேப்பர்வேர் என்றும் சொல்லிவிட்டார். ஆக இந்தச் சொல்லை முதலில் உச்சரித்தது ஏமாந்த வாடிக்கையாளர் அல்லர், விற்கிற நிறுவனத்துக்குள்ளேயே இருந்த ஆள். வின்பிளாட் அதைப் புகையை விற்பதோடு ஒப்பிட்டார். அவர் வழியாகச் சொல் எஸ்தர் டைசனிடம் போனது. கணினித் துறையினர் விரும்பிப் படித்த தம் மாத மடலில், 1983 நவம்பரில், அதையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார் டைசன். நல்ல யோசனைகள், அரைகுறையாக நிறைவேற்றப்பட்டவை என்பது அவர் தந்த விளக்கம். சற்று இரக்கமான விளக்கம் என்றே சொல்ல வேண்டும்.

அதே 1983 நவம்பரில்தான் பில் கேட்ஸ் நியூயார்க்கில் விண்டோஸை அறிவித்தார். அடுத்த ஆண்டே வரும் என்றார்கள். முதல் பதிப்பு கடைக்கு வந்தது 1985 நவம்பர் 20ஆம் தேதி. இதழாசிரியர் ஸ்டூவர்ட் ஆல்சாப் கேட்ஸுக்குத் ‘தங்க வேப்பர்வேர் விருது’ ஒன்றை வழங்கிக் கிண்டல் செய்தார். அதற்குப் பிறகு சொல் எங்கும் பரவிவிட்டது.

பரவியபோது பொருளும் கனத்தது. தாமதம் யாருக்கும் நேரும். ஆனால் இல்லாத சரக்கை வேண்டுமென்றே முன்கூட்டி அறிவித்தால், போட்டியாளரின் இருக்கிற சரக்கை வாங்க வந்தவர் ‘சற்றுப் பொறுப்போம்’ என்று திரும்பிப் போவார். 1995 பிப்ரவரியில் அமெரிக்க நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின், ஏகபோக வழக்கில் அரசும் மைக்ரோசாஃப்டும் செய்துகொண்ட சமரசத்தை ஏற்க மறுத்தபோது, இந்த வழக்கத்தை வெளிப்படையான ஏமாற்று என்றே சாடினார். மேல்முறையீட்டில் அவர் முடிவு நிற்கவில்லை. ஆனால் கேலிச்சொல்லாகப் பிறந்தது அன்று குற்றச்சாட்டாகிவிட்டது.

முன்கூட்டிய அறிவிப்பு தன் தலையிலேயே விழுவதும் உண்டு. தூக்கிச் செல்லக்கூடிய கணினியை விற்றுப் புகழ்பெற்ற ஆடம் ஆஸ்போர்ன், 1983இல் அடுத்த மாதிரியைப் பற்றி அவசரப்பட்டுப் பேசினார். கடையில் இருந்த பழைய மாதிரியை வாங்க ஆள் குறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அது ஒன்றே காரணமல்ல என்று வாதிடுவோரும் உண்டு. ஆனாலும் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஆஸ்போர்ன் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். ஆடம் கொடைக்கானலில் படித்தார். 2003இல் அங்கேயே காலமானார். கணினித் துறைக்கு ஒரு எச்சரிக்கைச் சொல்லைத் தந்த மனிதருக்குத் தொடக்கமும் முடிவும் நம் மலையடிவாரங்களில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஆவிப்பொருள்’. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆவி என்றதும் தமிழ்க் காதில் விழுவது பேய். இல்லாவிட்டால் இட்லிப் பானை. பேயாவது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஆள். வேப்பர்வேரோ பிறக்கவே இல்லை. ‘கானல்பொருள்’ சற்றுத் தேவலை. கிட்டப் போகப் போகத் தள்ளிப்போகும் கானல்நீர், தள்ளிப்போகும் தேதிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் கானலைத் தோற்றுவிப்பது வெயிலும் தரையும். அங்கே குற்றவாளி யாரும் இல்லை. முயற்கொம்பு என்றால் எக்காலத்திலும் இல்லாதது, விண்டோஸோ இரண்டு ஆண்டு கழித்தாவது வந்தது. மனக்கோட்டை கட்டுபவர் தமக்குள் கட்டிக்கொள்கிறார், பிறரிடம் விற்பதில்லை.

பழைய வழக்கில் ஏற்கெனவே ஒரு சொல் காத்திருக்கிறது: வாய்ப்பந்தல். ‘வாயாலேயே பந்தல் போடுகிறான்’ என்று கிராமத்தில் சொல்வார்கள். காலும் இல்லை, கீற்றும் இல்லை. பேச்சிலேயே பந்தல் எழும்பி நிற்கிறது. பந்தல் என்பது போடுகிறவருக்காக அல்ல, அழைக்கப்பட்டவருக்காகப் போடுவது. அதை நம்பி வந்தவர்தான் வெயிலில் நிற்க வேண்டும். ஜெனிக்ஸை நம்பிக் கணக்கு மென்பொருள் செய்த வின்பிளாட் நின்றது அந்த வெயிலில்தான். அறிவித்தவர், அறிவிப்பு, நம்பியவர் என்று மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன. மென்பொருள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டிய இடத்தில் ‘வாய்ப்பந்தல் மென்பொருள்’ என்று விரித்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் தேதியைக் கணிக்கவும் அது வழி காட்டும். கல்யாண வீட்டில் எதைப் பார்த்து நம்புகிறோம்? பந்தக்கால் ஊன்றியாயிற்றா என்று பார்க்கிறோம். இயங்குதளத்துக்குப் பந்தக்கால் என்பது வெளியார் கைக்குத் தரப்படும் சோதனைப் பதிப்பு. விண்டோஸ் 11ஐ 2021 ஜூன் 24 அன்று அறிவித்தார்கள். சில நாட்களிலேயே சோதனைப் பதிப்பு வந்தது. அக்டோபர் 5 அன்று முழுப் பதிப்பும் வந்துவிட்டது. ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்காக 1994இல் அறிவித்த கோப்லண்ட் என்ற இயங்குதளம், ஒரு சில நிரலாளர்கள் கையைத் தாண்டிப் போகாமலே 1996 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஆப்பிள் நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, அங்கிருந்த இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு 2001 மார்ச்சில்தான் புதிய மேக் இயங்குதளத்தைத் தர முடிந்தது.

பந்தக்காலைப் பிடுங்கிய கதையும் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அடுத்ததாக வரவேண்டிய லாங்ஹார்ன், கனடாவின் விஸ்லர், பிளாக்கோம் என்ற இரு மலைகளுக்கு இடையில் இருந்த ஒரு மதுக்கூடத்தின் பெயரைப் பெற்றது. விஸ்லர் என்பது எக்ஸ்பிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர், பிளாக்கோம் அதற்குப் பின் வரவிருந்த பெரிய பதிப்பின் பெயர். அந்த இரண்டு பெரிய பதிப்புகளுக்கு நடுவே சின்னதாக ஓர் இளைப்பாறல் என்பது எண்ணம். 2003இல் சோதனைப் பதிப்பையே மாநாட்டில் நிரலாளர்களிடம் கொடுத்தார்கள். 2004 ஆகஸ்டில் அதுவரை எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். விஸ்டா என்ற பெயரில் அது பொதுமக்களுக்கு வந்தது 2007 ஜனவரி 30 அன்று. எக்ஸ்பி வந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளங்கள் பக்கம் கணிப்பு வேறு வகை. அவற்றில் ஒன்றான உபுண்டுவில் முகூர்த்தம் முதலில். பதிப்பு எண்ணே தேதி. 24.04 என்றால் 2024 ஏப்ரல். தயாராகாத பலகாரம் அடுத்த பந்திக்குப் போகும், பந்தி நிற்காது. 2006இல் மட்டும் ஏப்ரலில் வரவேண்டியதை ஜூனுக்குத் தள்ளினார்கள், எண்ணும் 6.06 என்று மாறியது. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில் தலைகீழ்: எல்லாம் வெந்த பிறகுதான் நாள் குறிப்பார்கள். எப்போது வரும் என்றால், தயாரானதும் வரும் என்பதே அங்கே மரபான பதில். 2002 ஜூலைக்கு அடுத்த பதிப்பு 2005 ஜூனில் வந்தபோது பலர் பொறுமை இழந்திருந்தார்கள். ஆனால் அதை வேப்பர்வேர் என்று சொல்ல முடியாது. தேதியே சொல்லாதவர் தேதி தவறுவது எப்படி?

எல்லைக்கோட்டில் நிற்பது ஹர்ட். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டம் தன் இயங்குதளத்துக்கு 1990இல் தொடங்கிய உட்கரு, அதாவது மையப்பகுதி, அது. அதன் 0.9 பதிப்பு 2016 டிசம்பரில் வந்தது, 1.0 இன்னும் எட்டவில்லை. நீண்ட காலமாக வேப்பர்வேர் நகைச்சுவைகளில் அதன் பெயர் முதலில் வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், டெபியனோடு சேர்த்துக் கணினியில் ஓட்டியும் பார்க்கலாம். கால் ஊன்றியிருக்கிறது, கீற்றும் பாதி வேய்ந்திருக்கிறது. அதை அரைப்பந்தல் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.