ஒற்றை அடுக்குக் காந்தம்

குரோமியம் டிரை அயோடைடு படிகம் பார்ப்பதற்குக் கருத்துப் பளபளக்கும் ஒரு மெல்லிய செதில். அதை ஒட்டும் நாடாவின் நடுவில் வைத்து, மடித்து, மெதுவாகப் பிரித்தால் செதில் இரண்டாகப் பிளக்கிறது. மறுபடி மடித்துப் பிரித்தால் இன்னும் மெலிகிறது. திரும்பத் திரும்ப இப்படிச் செய்தபின் நாடாவில் மிஞ்சுவது புகை படிந்தாற்போன்ற ஒரு கறை. அதற்குள் எங்கோ ஒரே ஓர் அடுக்கு கனத்தில் ஒரு காந்தம் இருக்கிறது. கனம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு.

இது உரிந்து வருவதற்குக் காரணம் படிகத்தின் அமைப்பு. ஓர் அடுக்குக்குள் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே வலுக்குறைந்த வாண்டர் வால்ஸ் விசை மட்டுமே உண்டு. 2004-ல் மான்செஸ்டரில் கிராஃபீனை, அதாவது ஒற்றை அணு கனமுள்ள கரி அடுக்கை, பிரித்தெடுத்த அதே வழிதான் இதுவும். ஆனால் கிராஃபீன் காற்றைத் தாங்கும். இதுவோ ஈரக்காற்று பட்டாலே சிதைந்துவிடும். அதனால் மந்த வாயு நிரப்பிய மூடிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டுத்தான் எல்லா வேலையும்.

நாடாவைச் சிலிக்கான் தகட்டில் அழுத்தி எடுத்தால் செதில்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். தகட்டின் மேல் சுமார் 300 நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உண்டு. படலத்தின் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கிறது. சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுவது இப்படித்தான். மேலே ஓர் அடுக்கு கூடினாலும் நிறம் சற்று மாறும். அந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே நுண்ணோக்கியில் அடுக்குகளை எண்ணிவிடலாம்.

அடுக்கு கிடைத்துவிட்டது, அதில் காந்தத்தன்மை நிலைக்குமா? 1966-ல் இயற்பியலாளர்கள் மெர்மினும் வாக்னரும் ஒரு நிரூபணம் தந்தார்கள். எல்லாத் திசையும் சமமாக இருக்கும் இருபரிமாணப் பொருளில், மிகச் சிறிய வெப்பம்கூட எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஒவ்வொன்றையும் சிறு காந்தமாக்கும் பண்பு) ஒரே திசையில் நிற்கும் ஒழுங்கைக் கலைத்துவிடும் என்பது அது. தப்பிக்கும் வழியும் அந்த நிபந்தனையிலேயே இருக்கிறது. இந்தப் படிகத்தில் திசைகள் சமமில்லை. தற்சுழற்சிகள் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கவே விரும்புகின்றன. சாய்ப்பதற்கு ஆற்றல் செலவாகும் என்பதால் சிறு வெப்பத்தால் ஒழுங்கு கலைவதில்லை.

இவ்வளவு குறைந்த பொருளின் காந்தத்தன்மையை வழக்கமான கருவிகளால் அளப்பது மிகக் கடினம். இங்கே கைகொடுப்பது 19-ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஜான் கெர் கண்டறிந்த விளைவு. காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் தளவிளைவுற்ற (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்) ஒளியின் அதிர்வுத் தளம் சற்றே திரும்புகிறது. திரும்பும் அளவு ஒரு டிகிரிகூட இல்லை. ஆனால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே காந்தம் மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா என்று சொல்லிவிடும்.

2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாவ்டாங் ஷூவும் எம்.ஐ.டி.யின் பாப்லோ ஹரியோ ஹெரேரோவும் தம் குழுக்களுடன் இவ்வாறு அளந்தார்கள். சுமார் 45 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 228 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஒற்றை அடுக்கு உண்மையான காந்தமாக நின்றது.

என்னை இன்றும் வியக்கவைப்பது இரட்டை அடுக்குதான். அதில் காந்தத்தன்மை காணவில்லை! இரண்டு அடுக்குகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. சுமார் 0.65 டெஸ்லா அளவுள்ள காந்தப் புலம் கொடுத்தால் இரண்டும் சட்டென்று ஒரே பக்கம் திரும்பும். மூன்றாவது அடுக்கு சேர்ந்தால் காந்தம் திரும்ப வந்துவிடும். தடித்த படிகத்திலோ எல்லா அடுக்குகளும் ஒரே திசைதான். வேறுபாடு அடுக்குகளை அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது: ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் சற்று நகர்ந்து அமர்ந்தாலே அடுக்குகளுக்கு இடையிலான காந்த உறவு மாறிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக ஆய்வில் மெல்லிய செதில் ஒன்று ஓரிடத்தில் துளைபட்டதும், எதிரெதிராக நின்ற அதன் அடுக்குகள் ஒரே திசைக்கு மாறின.