அகிம்சை: இன்னா செய்யாமை

அகிம்சை வடசொல். அடித்தல், கொல்லுதல் என்ற பொருளுடைய 'ஹன்' என்னும் வினையடியின் விழைவு வடிவத்திலிருந்து 'ஹிம்சா' பிறந்தது என்பார்கள் மொழியறிஞர்கள். கொல்வது மட்டுமல்ல, கொல்ல நினைப்பதும் அதில் அடக்கம். முன்னால் 'அ' சேர்ந்தால் எதிர்மறை. சமணத்தின் ஐந்து விரதங்களில் முதலாவது அகிம்சைதான். தமிழில் 'இம்சை' தேய்ந்து வெறும் தொல்லையாகிவிட்டது. பல்வலியும் இம்சை, பக்கத்துத் தெரு ஒலிபெருக்கியும் இம்சை. அகிம்சையோ காந்தியின் பெயரோடு சேர்ந்து அரசியல் சொல்லாக நிலைத்தது.

இதற்குத் தமிழ் என்ன? 'வன்முறையின்மை' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பொருள் தவறில்லை, ஆனால் கைகட்டி நிற்கும் சொல் அது. 'கொல்லாமை' பழஞ்சொல்; உயிர்க்கொலையோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. வள்ளுவர் அதை 33-ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு முன்பே 32-ஆவதாக 'இன்னா செய்யாமை'யை வைத்தார். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே சான்று.

இன்னா என்பது இனிதின் மறுதலை. பிறர்க்குத் துன்பம் தருவது எதுவும் இன்னாதான். அடி, வசை, அவமதிப்பு எல்லாம் இதற்குள் வரும். செய்யாதிருப்பதோடு வள்ளுவர் நிறுத்தவும் இல்லை:

இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயஞ் செய்து விடல்.

தீங்கு செய்தவனுக்குத் தண்டனை, அவன் நாணும்படி நன்மை செய்வது. அகிம்சை என்ற சொல்லில் வெளிப்படத் தெரியாத இந்தச் செயல் பாதி இவ்வதிகாரத்துக்குள் இருக்கிறது. அதனால்தான் இதையே சரியான தமிழ் என்கிறேன்.

இந்த அதிகாரத்துக்கு ரஷ்யாவில் ஒரு வாசகர் இருந்தார். 1908 டிசம்பரில், இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டு எழுதிய தாரக்நாத் தாசுக்கு லியோ டால்ஸ்டாய் நீண்ட பதில் எழுதினார். அதில் 'இந்துக் குறள்' என்று பெயர் குறித்து அவர் எடுத்தாண்ட ஆறு குறள்களும் இன்னா செய்யாமையிலிருந்து வந்தவை. இயேசுவின் மலைப்பொழிவில் வரும் 'தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்' என்ற வரியைத் தம் நம்பிக்கையின் அச்சாகக் கொண்டவருக்கு 'கறுத்தின்னா செய்தவக் கண்ணும் மறுத்தின்னா செய்யாமை' (சினந்து தீங்கு செய்தவருக்கும் திருப்பித் தீங்கு செய்யாதிருத்தல்) அந்நியமாக இருந்திருக்க முடியாது. அந்தக் கடிதம் காந்தியின் கைக்கு வந்தது. 1909 அக்டோபரில் லண்டனிலிருந்து டால்ஸ்டாய்க்கு எழுதி, அது அவருடையதுதானா என்று உறுதிசெய்து கொண்டு, கப்பலில் திரும்பும்போதே குஜராத்தியில் பெயர்த்தார். டால்ஸ்டாய் தாசுக்கு எழுதிய பதிலில் ஏறிக் குறள் காந்திவரை பயணம் செய்திருக்கிறது! தமிழாசிரியர்கள் வகுப்பில் இதை ஒரு முறையாவது சொல்ல வேண்டும்.

மேலே தந்த 'இன்னாசெய் தாரை' என்ற 314-ஆம் குறளுக்கு உரை வேண்டுவோர், டால்ஸ்டாய் 1872-இல் எழுதிய 'கடவுள் உண்மையைக் காண்கிறார், ஆனால் காத்திருக்கிறார்' என்ற சிறுகதையைப் பார்க்கலாம். சிறுவர்களுக்கான அவருடைய வாசிப்புப் பாடங்களிலும் அது இடம்பெற்றது. அக்சியோனவ் என்ற வணிகர் செய்யாத கொலைக்காகச் சைபீரியாவில் 26 ஆண்டுகள் கிடக்கிறார். உண்மைக் கொலைகாரன் மகார் அதே சிறைக்கு வந்து, தப்பிக்கச் சுவருக்கு அடியில் குழி தோண்டுகிறான். அதிகாரி விசாரிக்கும்போது, யார் என்று தெரிந்தும் அக்சியோனவ் சொல்ல மறுக்கிறார். அன்றிரவு மகார் அவர் காலில் விழுகிறான். தன்னைச் சவுக்கால் அடித்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை என்று அழுகிறான். 'அவர்நாண' என்ற ஒற்றைச் சொல்லின் முழுப் பொருளும் அந்த அழுகையில் இருக்கிறது. மகார் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். விடுதலை ஆணை வரும்போது அக்சியோனவ் இறந்துவிட்டிருக்கிறார்.

இந்த முடிவைக் கேட்கும் பிள்ளைகள் கோபப்படுவார்கள். நல்லவர் ஏன் சாக வேண்டும், காட்டிக்கொடுத்திருந்தால் என்ன தப்பு என்பார்கள். கோபம் நியாயமானது, சமாதானம் சொல்லி அதை அணைக்கக் கூடாது. கலை பற்றிய தம் நூலில் தமது படைப்புகளை எல்லாம் மோசமான கலை என்று ஒதுக்கிய டால்ஸ்டாய், விலக்காக நிறுத்திய இரண்டு கதைகளில் இது ஒன்று.

சொல் வழக்குக்கு வருவோம். சத்தியாகிரகத்துக்கு 'அறப்போர்' ஏற்கெனவே நன்றாகப் பொருந்திவிட்டது. வரலாறு எழுதும்போது அகிம்சையை அப்படியே ஆளலாம். காந்தி ஆண்ட சொல் அது. சிறுவர் கதைகளிலும் அறநூல் விளக்கங்களிலும் 'இன்னா செய்யாமை' என்றே எழுதுங்கள். அடிக்குறிப்பாக 314-ஆம் குறளைக் கொடுத்தால் போதும்.