மருந்தில்லாத ஊசிதானே என்று நெஞ்சுப் பக்கம் குத்தாதீர்கள்

ட்ரை நீட்லிங், அதாவது மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசைக்குள் குத்தி வலியைக் குறைக்கிற சிகிச்சை, அதில் பிழைத்துப்போன சம்பவம் இந்த வருடத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டு தடவையும் நான் எதுவும் எழுதவில்லை, சம்பந்தப்பட்டவர்களோடு போனில் பேசியதோடு விட்டுவிட்டேன். இந்தத் தடவை அப்படி விட மனம் வரவில்லை.

மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற அக்கா. வயது ஐம்பது தாண்டியிருக்கும், நிறை நாற்பது கிலோ இருந்தாலே பெரிய விஷயம். பல வருடமாகத் தோள்பட்டை வலி. மகள் கீழே ஒரு டவுனில் கார்மெண்டில் வேலை செய்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், அம்மா கழுத்தைத் திருப்ப முடியாமல் கஷ்டப்படுகிறாரே என்று பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். பார்த்தவர் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட்தான், போலி ஆள் இல்லை. அதற்கு முந்தின மாதம் ட்ரை நீட்லிங் அறிமுகப் பயிற்சி இரண்டு நாள் முடித்திருந்தார். "அட்டைக் கடி மாதிரித்தான் இருக்கும், இதில மருந்து ஒன்றும் இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லி, இரண்டு தோளுக்கு மேலும் வலது சப்பைக்கு (முதுகுப் பக்கத் தோள்பட்டை எலும்புக்கு) உட்பக்கமும் 40 மில்லிமீற்றர் ஊசியால் குத்தியிருக்கிறார்.

அக்கா அன்று பின்னேரமே பஸ் ஏறிவிட்டார். கினிகத்தேனை வளைவுகளில் வரும்போதே வறட்டு இருமல், மூச்சை இழுத்தால் வலது நெஞ்சில் ஒரு பிடிப்பு. வீட்டில் வாய்வு என்று நினைத்து இஞ்சி போட்ட சாயத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். இரவு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே விடிய வைத்து, காலையில் தோட்டத்து டிஸ்பென்சரி, அங்கிருந்து ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்தது, ஊசி பட்ட துளையால் காற்று நெஞ்சுக்குள் கசிந்திருந்தது. நெஞ்சில் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

ஆனால் என்னைத் தூங்க விடாதது வேறு. டிஸ்பென்சரியிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, ஊசி குத்திய விஷயத்தை அவர் சொல்லவே இல்லை. எக்ஸ்ரே வந்த பிறகு டொக்டர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. ஏன் அக்கா முதலிலேயே சொல்லவில்லை என்று பிறகு நான் கேட்டேன். "அது மருந்தில்லாத ஊசிதானே மிஸ், அதைப் போய் என்னண்டு சொல்ல?" என்றார்.

இந்த ஒரு நினைப்புத்தான் எனக்குப் பெரிய தலைவலி. நோயாளியிடம் இருந்தால் பரவாயில்லை, யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார். நம் தொழிலில் இருப்பவர்களே இதை நம்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பயிற்சிக்கு வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் முதல் நாள் காலையில் இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள்: மருந்து இல்லை, ஊசி மயிர் மாதிரி, அதனால் ஒன்றும் ஆகாது.

சரி, இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது? தசைக்குள் இறுகிக் கிடக்கிற முடிச்சுகளில், ட்ரிகர் பொயின்ட் என்கிறோமே அதில், மரப்பு மருந்தை ஊசியால் ஏற்றி வலியைக் குறைக்கிற வழக்கம் முன்பே இருந்தது. ஜனாதிபதி கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜெனட் ட்ரவெல் அந்த முறையில் பேர் போனவர். அப்புறம் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த கரெல் லெவிட் என்ற மருத்துவர் 1979இல் ஒரு கட்டுரையில் சொன்னது இதுதான்: வலி குறைவதற்கு உள்ளே போகிற மருந்து காரணம் இல்லை, சரியான இடத்தில் ஊசி குத்துவதே போதும். ட்ரை நீட்லிங் என்ற வேலையே இதன் மேல்தான் நிற்கிறது. அதாவது ஊசிக்கே வேலை செய்கிற சக்தி இருக்கிறது என்று நம்பித்தான் நாம் இதைப் படிக்கிறோம், நோயாளியிடம் பணம் வாங்குகிறோம். அப்படியிருக்க, அதே ஊசி தப்பான இடத்தில் போனால் மட்டும் ஒன்றும் செய்யாது என்று எந்த வாயால் சொல்வது?

ஊசி மெல்லியது என்பது உண்மை. நாங்கள் பாவிப்பது பெரும்பாலும் 0.25 அல்லது 0.30 மில்லிமீற்றர் தடிப்பு, நடுவில் துளை இல்லாத கம்பி. மருந்து ஏற்றுகிற சாதாரண ஊசியோடு வைத்துப் பார்த்தால் பாதிக்கும் குறைவு. ஆனால் நெஞ்சுப் பக்கத்தில் பார்க்க வேண்டியது நீளத்தை. மெலிந்த உடம்பில் சப்பை உள்ளோரத்துப் பக்கம் தோலிலிருந்து நுரையீரல் வரை 1 முதல் 2 சென்டிமீற்றர் தூரம்தான் சில இடங்களில் இருக்கும். உங்கள் கையில் இருப்பது 4 சென்டிமீற்றர் கம்பி. பயிற்சியில் யார் மேல் பழகினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த, ஜிம்முக்குப் போகிற, எண்பது கிலோ சக மாணவன். அவன் தோளில் 40 மில்லிமீற்றர் போனது என்பதற்காகக் கொழுந்துக்காரியின் தோளில் போகலாமா? மலையில் முப்பது வருடம் ஏறி இறங்கி, இரத்தச் சோகையோடு வருகிற பெண்களின் முதுகில் கைவைத்துப் பார்த்தால் விலா எலும்பை எண்ணலாம். எண்ண முடிகிறது என்றாலே ஊசியைக் கீழே வையுங்கள்.

பொய் சொல்லிப் பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. 2020இல் அமெரிக்காவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ட்ரை நீட்லிங் அமர்வுகளைப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏதாவது சின்ன விளைவு இருந்தது, துளி இரத்தம், கன்றல், குத்திய இடத்தில் வலி இப்படி. பாரதூரமானது சுமார் ஆயிரத்தில் ஒன்று. குறைவுதான். ஒழுங்காகச் செய்தால் இது பாதுகாப்பான சிகிச்சை, நானே வாரத்தில் பல பேருக்குச் செய்கிறேன். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குக் குத்துகிறவருக்கு ஆயிரம் என்பது நூறு வேலை நாள் தூரம் மட்டும்தான்.

அறிமுகப் பயிற்சி என்றால் அறிமுகம். கை, கால், பிட்டத் தசை, முன்னங்கைத் தசை, கெண்டைக்கால் தசை. இவற்றில்தான் கை பழக வேண்டும். முதல் பல மாதங்களுக்கு அங்கேயே நில்லுங்கள். அங்கேயும் நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கின்றன, அதைக் கற்றுக்கொள்வதற்கே நேரம் போதாது. தோள் மேல் தசையைச் செய்வதாக இருந்தால், தசையை இரண்டு விரலுக்கு நடுவில் கிள்ளித் தூக்கி, ஊசி உங்கள் விரலை நோக்கி வருகிற மாதிரிப் பிடிக்க வேண்டும், விலாவை நோக்கிப் போகவே கூடாது. இதை இங்கே வாசித்துவிட்டுச் செய்யலாம் என்று எழுதவில்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பார்க்காமல் நெஞ்சுச் சுவர்ப் பக்கம் தொடாதீர்கள். பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசர அவசரமாகச் சப்பைத் தசையைக் காட்டி முடிக்காதீர்கள். நேரம் இல்லை என்றால் அதைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பஸ் என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம் இது, கொழும்பில் பாடம் எடுக்கிறவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. கடல் மட்டத்தில் நெஞ்சுக்குள் காற்றுப் புகுந்த ஒருவர் அப்படியே நுவரெலியாவுக்கு ஏறினால், கிட்டத்தட்ட 1,870 மீற்றர், அடைபட்ட அந்தக் காற்று சுமார் கால் பங்கு விரியும். கீழே லேசான பிடிப்பாக இருந்தது மேலே மூச்சுத் திணறலாகலாம். பயிற்சியில் ஒருவர் மேல் ஒருவர் குத்திப் பழகிவிட்டு அன்று இரவே மலை ஏறுகிற மாணவர்களுக்கும் இது பொருந்தும். நெஞ்சில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் பஸ் ஏறாதீர்கள், எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாருங்கள்.

குளிரும் ஒரு தொல்லை. மார்கழி காலையில் சுவெட்டரைக் கழற்றச் சொன்னால் உடம்பு நடுங்கும், நடுங்குகிற தசையில் ஊசி நிற்காது. அறையை முதலில் சூடாக்குங்கள். துணிக்கு மேலால் குத்துகிற பழக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஊசி போட்டுவிட்டுப் போர்வையால் மூடி விடுவதும் வேண்டாம். எத்தனை போட்டீர்கள் என்று சத்தமாக எண்ணுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள், தாளில் எழுதுங்கள். இந்த வருடத்தின் இரண்டாவது சம்பவம் அதுதான், எண்ணாமல் விட்ட ஒரு ஊசி படுக்கை விரிப்போடு போய், துவைக்க எடுத்த பெண்ணின் விரலில் ஏறியது. ஊசிகளைப் போடக் கடினமான பெட்டி வேண்டும், ஷொப்பிங் பையில் கட்டிக் குப்பையில் போட்டால் அது யாரோ ஒருவர் கையில்தான் போய் முடியும். குத்துப்பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், பிறகு உடனே ஆஸ்பத்திரி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாமல் இந்த வேலைக்கே வராதீர்கள்.

முதலாவது சம்பவம், இரத்தத்தை ஐதாக்கும் வார்பரின் மருந்து குடிக்கிற ஒருவருடைய தொடை. முழுத் தொடையும் கறுத்து வீங்கியிருந்தது. என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், "பிரஷர் குளிசை" என்று அவர் சொல்லியிருக்கிறார், அதோடு விட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லாக் குளிசையையும் பிரஷர் குளிசை என்றுதான் சொல்வார்கள். கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.

அப்புறம் சம்மதம். நான் நின்று பேச வேண்டிய இடம் இதுதான். அந்த அக்காவிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படிவம் ஆங்கிலத்தில். பக்கத்தில் நின்ற மகள் "போடும்மா" என்றாள், அவரும் போட்டார். இங்கே நோயாளிகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "நீங்க பார்த்துச் செய்ங்க மிஸ்" என்பார்கள். அது சம்மதம் இல்லை. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் டொக்டருக்கும் தலையாட்டியே பழகிய வாயிலிருந்து வருகிற சொல் அது, அதைப் பிடித்துக்கொண்டு ஊசியை எடுக்கக்கூடாது. உட்கார வைத்து, தமிழில், எங்கே குத்துவேன், எதைக் கழற்ற வேண்டும், எப்படி இருக்கும், என்ன ஆகலாம், வேண்டாம் என்றால் வேறு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லத் தெரியவில்லை என்றால் நீங்கள் விளக்கியது பத்தாது. ஆண் சிகிச்சையாளர் என்றால் கூட ஒரு பெண் நிற்கட்டும்.

இனி நோயாளிகளுக்கு, சுருக்கமாக. ஊசி போட வருகிறவரிடம் இலங்கை மருத்துவ சபைப் பதிவு உண்டா, இதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தாரா என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. புது ஊசிப் பக்கெட்டை உங்கள் கண்முன்னே உடைக்க வேண்டும், இன்னொருவருக்குப் பாவித்த ஊசி ஒருபோதும் வேண்டாம். இரத்தம் ஐதாக்கும் மருந்து, சீனி வருத்தம், கர்ப்பம், மார்புப் புற்றுநோய் ஒப்பரேஷன் செய்த கைப் பக்கம், இவற்றை மறைக்காதீர்கள். இரண்டு நாள் தசை நோகும், அது வழக்கம். ஆனால் கழுத்து, தோள், முதுகு, நெஞ்சில் ஊசி போட்டு, அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால், ஆழமாக இழுக்கும்போது குத்தினால், காரணம் இல்லாத வறட்டு இருமல் வந்தால், இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு விடியும் வரை இருக்காதீர்கள். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பார்க்கிற டொக்டரிடம் முதல் வசனமாக "எனக்கு ஊசி குத்தினார்கள்" என்று சொல்லுங்கள். மருந்தில்லாத ஊசியும் ஊசிதான்.

அந்த அக்காவின் தோள் வலி இன்னும் இருக்கிறது. இருக்கத்தானே செய்யும், காலையில் போய்த் திரும்பவும் அதே கூடையைத்தான் மாட்டுகிறார், கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். ஊசியால் சில நாள், சில வாரம் வலி குறையும், அந்த இடைவெளியில் தசையைப் பலப்படுத்தாவிட்டால் வந்த வலி திரும்ப வரும். இப்போது அவருக்கு ஊசி கிடையாது. சுடுதண்ணி ஒத்தடம், ரப்பர் பட்டியோடு மூன்று பயிற்சி, நிறைக்குப் போடும் வரை காத்திருக்காமல் நடுவில் கூடையை இறக்கி வைக்கிற பழக்கம். கங்காணியிடம் இதை நானே போய்ச் சொன்னேன், அவரும் சரி என்றார்.

நோயாளி கையில் கொடுத்து விடுவதற்கு ஒரு பக்கத் தாள் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், என்ன செய்தோம், எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பெரிய எழுத்தில். வேண்டுமானவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். அடியில் உங்கள் போன் நம்பர் எழுத ஒரு இடம் விட்டிருக்கிறேன். அதைக் காலியாக விட்டுக் கொடுத்துவிடாதீர்கள், மறுநாள் காலையில் நீங்களே ஒரு கோல் எடுத்தால் இன்னும் நல்லது.