மெழுகுக் கட்டிக்குள் ஒரு சதைத்துணுக்கு

களியக்காவிளையில் இருந்து திருவனந்தபுரம் போகிற காலை பஸ்ஸில் ஸ்கேன் கவரோடு யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். போன வருஷம் அது நான். கையில் சித்தியின் ‘பிளாக்’ இருந்தது, அதாவது நுரையீரலில் ஊசி போட்டு எடுத்த சதையை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து மெழுகில் பதித்த சின்னக் கட்டி. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் புற்றுநோய்தான், கீமோ ஆரம்பிக்கலாம் என்றார்கள். அந்தக் கட்டியில் மரபணு மாற்றத்தைத் தேடும் இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நம் செல்களின் மேல் இ.ஜி.எஃப்.ஆர். என்றொரு புரதம் உண்டு. வளரச் சொல்லி வெளியில் இருந்து சமிக்ஞை வந்தால் மட்டும் அது உள்ளே தகவல் அனுப்பும். அதன் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து, டி இருக்க வேண்டிய இடத்தில் ஜி, மாறிவிட்டால் புரதத்தின் 858-வது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற இன்னொன்று வந்து உட்காரும். அப்புறம் மோட்டார் சுவிட்ச் ஆனிலேயே சிக்கிக்கொண்ட கதைதான், தொட்டி நிரம்பி வழிந்தாலும் நிற்காது. அதே மரபணுவில் 19-வது எக்ஸான் என்ற பகுதியில் சில எழுத்துகள் விட்டுப்போவது இன்னொரு வகை. பீடி, சிகரெட் பக்கமே போகாதவர்களிடம் இவை கூடுதலாகத் தென்படுகின்றன. இந்தப் புரதத்தை அடக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை சிலருக்கு மட்டும் அவ்வளவு நன்றாகக் கேட்டது ஏன் என்று தேடிப் போய்த்தான் 2004-இல் இந்த மாற்றங்களைப் பிடித்தார்கள்.

சரி, லேபில் என்ன நடக்கிறது? கட்டியை நாலைந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவுகிறார்கள். புற்றுசெல் எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறிப்பார். இது ரொம்ப முக்கியம். துணுக்கில் 20 சதவீதம்தான் புற்றுசெல் என்றால், ஒவ்வொரு செல்லிலும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் பழுது என்பதால், மொத்த டி.என்.ஏ.வில் 10 சதவீதத்தில்தான் அந்த மாற்றம் இருக்கும், மீதி எல்லாம் நல்ல டி.என்.ஏ. பழைய முறைகளில் இது தப்பிப்போகும். பி.சி.ஆர். என்ற முறை குறிப்பிட்ட மாற்றத்தை மட்டும் பெருக்கிக் காட்டும். என்.ஜி.எஸ். என்ற புதிய முறை பல மரபணுக்களை ஒரே நேரத்தில், ஒவ்வோர் இடத்தையும் நூற்றுக்கணக்கான தடவை படிக்கும். ஏ.எல்.கே. என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வது மாதிரியான கோளாறை ஸ்லைடில் சாயம் ஏற்றியே பார்த்துவிடலாம்.

சதை ஃபார்மலினில் நாள்கணக்கில் கிடந்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். எலும்பில் எடுத்த சதையைச் சுண்ணாம்பு கரைய அமிலத்தில் போட்டிருந்தாலும் அதே கதிதான். சும்மா சீவிச் சீவிக் கட்டியையே தீர்த்துவிடுவதும் நடக்கிறது. அதனால் முதல் டாக்டரிடமே பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சதை போதவில்லை என்றால், புற்றுசெல்கள் சிதறவிட்ட டி.என்.ஏ.வை ரத்தத்தில் தேடலாம். மாற்றம் கிடைத்துவிட்டால் நம்பலாம். கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, உடம்பில் உள்ள புற்றுக்கட்டி ரத்தத்தில் டி.என்.ஏ.வைப் போதுமான அளவு சிந்தாமல் இருந்திருக்கலாம். அப்போது மறுபடி சதை எடுக்கத்தான் வேண்டும்.