நரம்பு ஸ்டெம் செல் தானாக வழி அறிவதில்லை

மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையின் எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்ததும், பெற்றோரில் பலர் என்னிடம் கேட்பது, பலவகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் மூளை சரியாகிவிடாதா என்பதுதான். இணையத்தில் அத்தகைய விளம்பரங்கள் நிறைந்திருப்பதால் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் ஒரு நரம்பு ஸ்டெம் செல் எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், என்னவாக மாற வேண்டும் என்பதில் அதன் மரபணுக்களுக்கு இருக்கும் பங்கைப் போலவே, அதற்கு வெளியே பரவிக் கிடக்கும் புரதங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. இதை விளக்காமல் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல இயலாது.

கருவின் மூளையில் ஸ்டெம் செல்கள், நடுவிலுள்ள திரவ அறைகளின் விளிம்பில்தான் பிரிந்து பெருகுகின்றன. அங்கே பிறக்கும் இளம் நரம்புச் செல்கள், மூளையின் வெளிவிளிம்புவரை நீண்டிருக்கும், ஆரக் கிளையா என்னும் செல்களின் இழைகளைப் பற்றிக்கொண்டு, கொழுகொம்பில் கொடி ஏறுவதுபோல மேலேறுகின்றன. குரங்குகளின் கருமூளையில் இந்தப் பயணத்தை 1972-இல் நரம்பியல் அறிஞர் பாஸ்கோ ராக்கிச் விரிவாகப் பதிவு செய்தார். மனிதக் கருவில் இது ஏறத்தாழ 12 முதல் 20 வாரங்களுக்குள் மிக மும்முரமாக நடக்கிறது. பின்னர் பிறந்த செல்கள், முன்னர் வந்து அமர்ந்தவற்றைக் கடந்து மேல் அடுக்கில் இடம்பிடிப்பதால், மூளையின் வெளிப்பகுதியான புறணியின் அடுக்குகள் உள்ளிருந்து வெளிப்புறமாக உருவாகின்றன.

இந்த ஒழுங்கைக் காப்பவற்றுள் முதன்மையானது ரீலின் என்னும் புரதம். மேல்விளிம்பிலுள்ள காஹால்-ரெட்சியஸ் செல்கள் அதைச் சுரந்து வெளியே விடுகின்றன. வந்து சேரும் நரம்புச் செல்கள் தம் மேற்பரப்பிலுள்ள இரண்டு ஏற்பிகளின் வழியே அதை உணர்ந்து, உரிய இடத்தில் அமர்கின்றன. 1951-இல் தள்ளாடி நடக்கும் ஒரு வகை எலியை மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனர் விவரித்தார். அதன் மூளைப் புறணியில் அடுக்குகள் ஏறக்குறைய தலைகீழாக அமைந்திருப்பது பின்னர் தெரியவந்தது. அதற்குக் காரணமான, ரீலினை உருவாக்கும் மரபணு 1995-இல்தான் பிடிபட்டது. மனிதரிலும் அதே மரபணு பழுதானால் மடிப்புகள் குறைந்த, தடித்த புறணியும், மிகச் சிறிய சிறுமூளையும் அமைகின்றன என்பது 2000-இல் உறுதியானது. பயணிக்கும் செல்லின் நகரும் திறனில் பிழையேதும் இல்லை. வெளியிலிருந்து வரவேண்டிய சொல் மட்டும் வரவில்லை.

இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு; மருத்துவர்கள் தவறவிடக்கூடாதது அதுதான். மூளையின் மேற்பரப்பை மூடியிருக்கும் அடித்தளச் சவ்வு, பெரும்பாலும் லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் ஆகிய புரதங்கள் பின்னி உருவானது. ஆரக் கிளையாக்களின் முனைகள், டிஸ்ட்ரோகிளைக்கன் என்னும் புரதத்தின் மீதுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைக் கொண்டு லாமினினைப் பற்றிக்கொள்கின்றன. அச்சங்கிலிகளைக் கோக்கும் நொதிகளில் ஒன்று பழுதானாலும் பிடி தளர்ந்து சவ்வில் இடைவெளிகள் விழ, நரம்புச் செல்கள் நிற்கவேண்டிய எல்லையைத் தாண்டி வெளியே வழிந்துவிடுகின்றன. மூளையின் மேற்பரப்பு கூழாங்கற்களைப் பரப்பியதுபோல் மேடுபள்ளமாகிறது. வாக்கர்-வார்பர்க், ஃபுக்குயாமா ஆகிய நோய்கள் இவ்வகையின. தசை இழைகளுக்கும் கண்ணுக்கும் அதே பிடிமானம் தேவைப்படுவதால், இத்தகைய படத்தைக் கண்டதும், தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவைப் பார்ப்பதும், கண் மருத்துவரிடம் அனுப்புவதும் கட்டாயம் என்றே கருதுகிறேன். எளிய ரத்தப் பரிசோதனை ஒன்று நோயறிதலின் திசையையே மாற்றிவிடக்கூடும்.

நரம்புச் செல்களின் இடப்பெயர்ச்சிக் கோளாறுகள் எல்லாமே கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும் என்பதில்லை. பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும் நரம்புச் செல்கள், வியப்பாக, மூளைக்கு வெளியே கருவின் மூக்குப் பகுதியில் தோன்றி, வாசனை நரம்புகளின் ஓரமாக, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸுக்குப் போய்ச் சேர்கின்றன. அனோஸ்மின் என்னும் வெளிப்புறப் புரதம் இல்லாவிட்டால் அவை வழியிலேயே தங்கிவிடுகின்றன. பருவமடைதல் தாமதமும் வாசனை தெரியாமையும் சேர்ந்து வரும் கால்மன் நோய்க்குறியின் ஒரு வகை இப்படித்தான் உருவாகிறது. ஆகவே பருவமடைதல் தள்ளிப்போகும் பையனிடம் வாசனை தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இவ்வகையில் ஒரு சிறுநீரகமே இல்லாமலும் போகலாம் என்பதால், வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுவது நல்லது. ஹார்மோன் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் நோய் இது, கண்டுபிடிப்பதில்தான் தாமதம்.

இனி ஸ்டெம் செல் சிகிச்சைக்கு வருவோம். வளர்ந்த எலியின் மூளையிலும் புதிய நரம்புச் செல்கள் பிறந்து, வாசனையை உணரும் மூளைப்பகுதியான வாசனைக் குமிழ்வரை செல்கின்றன. ஸ்லிட் என்னும் புரதம் அவற்றைப் பின்னாலிருந்து விரட்டியே அத்திசையில் செலுத்துகிறது. பக்கவாதம் உண்டான எலியில், காயத்திலிருந்து வெளிப்படும் ஒரு ஈர்ப்புப் புரதத்தைத் தொடர்ந்து இச்செல்கள் அங்கே செல்ல முயன்றாலும், பெரும்பாலானவை நிலைப்பதில்லை. காயத்தைச் சூழும் தழும்பில் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் சேர்ந்த புரதங்கள் குவிந்து நரம்பு இழைகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. கருவில் பல வாரங்கள் இருந்து மறைந்த ரீலின் அடுக்கும் ஆரக் கிளையா இழைகளும், பிறந்த குழந்தையின் மூளையில் பழையபடி இல்லை. ஊசி வழியாக வந்து சேரும் செல், இந்த வழிகாட்டிகள் இல்லாத ஓரிடத்தில்தான் இறக்கிவிடப்படுகிறது. எனவே, அடுக்கு மாறி அமைந்த மூளையை இது திருத்திவிடும் என்று எவரேனும் உறுதி கூறினால், எந்த வகைச் செல், எங்கிருந்து எடுக்கப்பட்டது, அது இடம் சேர்ந்ததற்கு என்ன சான்று, இது பதிவுசெய்யப்பட்ட ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வென்று சொல்லிக்கொண்டே பெருந்தொகை கேட்பது எனக்கு உடனே ஐயத்தைத் தருகிறது.

கருவுற்றிருந்தபோது தான் உண்டதாலோ செய்த வேலையாலோ இப்படி ஆயிற்று என்று பல தாய்மார்கள் மனம் நோகிறார்கள். மது, கருவில் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ் போன்றவை நரம்புச் செல்களின் பயணத்தைக் குலைக்கக்கூடியவைதாம். ஆயினும் மேலே சொன்ன நோய்கள் மரபணு மாற்றத்தால் வருபவை, அன்றாட உணவோ உழைப்போ அவற்றுக்குக் காரணமல்ல. டிஸ்ட்ரோகிளைக்கன் சார்ந்த நோய்களில் பெரும்பாலும் பெற்றோர் இருவரும் பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பவர்களாக இருப்பதால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூளை மடிப்புகள் ஸ்கேனில் தெளிவாகத் தெரியப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். முதல் குழந்தையின் மரபணு மாற்றம் முன்கூட்டியே கண்டறியப்பட்டிருந்தால், அடுத்த கருவில் 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்தே விடை பெறலாம். அதனால் முதல் குழந்தையின் மரபணுப் பரிசோதனையை அடுத்த கருத்தரிப்புக்கு முன்பே முடித்துவிடும்படி பெற்றோரிடம் வற்புறுத்துகிறேன்.