நடு நட்டைத் தொடாதீர்கள்: மலைவீட்டு வாசலில் சஸ்பென்ஷன் மாற்ற நினைப்பவர்களுக்கு

குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் சில ஆண்டுகளாக ஒரு புதுவகை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். இவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதில்லை. பாதி கழற்றிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். காணொளி பார்த்துத் தாமே ஷாக் அப்சார்பர் மாற்றத் தொடங்கி, நடுவழியில் நின்றுபோனவர்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கூலியை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும், தன் வண்டியைத் தானே அறிந்துகொள்ள வேண்டும் என்பதும் நியாயமான ஆசைகளே. ஆனால் இந்த வேலையில் வீட்டில் செய்யத் தக்க பகுதி எது, தகாத பகுதி எது என்பதை யாரும் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை.

முதலில், போனது ஷாக் அப்சார்பர்தானா என்று பார்க்க வேண்டும். குழியில் இறங்கும்போது ‘டக் டக்’ என்று ஓசை கேட்டவுடன் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரை வாங்கிவிடுபவர்கள் பலர். என் அனுபவத்தில் அந்த ஓசைக்குப் பெரும்பாலும் காரணம், அதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் லிங்க் ராடு எனும் சிறு இணைப்புக் கம்பிதான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுவதுபோல் ஓசை எழுந்தால், ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணின்) மேல்முனையை வண்டியின் உடலோடு பொருத்தும் மவுண்ட்டையோ அதனுள் இருக்கும் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். ஷாக் அப்சார்பர் உண்மையிலேயே செத்துவிட்டது என்பதற்கு அதன் உடலில் வழிந்து புழுதி படிந்த எண்ணெய், டயரில் இடைவிட்டு இடைவிட்டுத் தேய்ந்த பள்ளங்கள், ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை தூக்கிப்போடும் வண்டி ஆகியவையே சாட்சி. பானெட்டை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை முற்றிலும் போனதைத்தான் காட்டும். பாதி போனதைக் காட்டாது.

நம் மலையில் முன்பக்கத்து ஷாக் அப்சார்பர்களே முதலில் களைத்துப்போகின்றன. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. ஷாக் அப்சார்பர் என்பது சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி, ஆட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அது வேலை செய்யாவிட்டால் டயர் சாலையை விட்டுத் துள்ளுகிறது. துள்ளும் டயரால் பிரேக் பிடிக்க முடியாது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் இறங்குபவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சனின் பெயரைத் தாங்கிய இந்த அமைப்பு 1950-இல் ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டிஷ் கார்களில் வந்தது. நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த மாருதி 800 இதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. இதில் ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையிலேயே இருக்கும். அதை அப்படிப் பிடித்து வைத்திருப்பது உச்சியில், மவுண்ட்டின் நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டு. பல வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் சுற்றிலும் இரண்டு அல்லது மூன்று சிறிய நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு தெரியும். வண்டியின் உடலோடு ஸ்ட்ரட்டைப் பிணைப்பவை சுற்றியுள்ள நட்டுகள். புதிதாக வேலைக்கு இறங்குபவரின் கை மட்டும் ஏனோ நடு நட்டுக்குத்தான் போகிறது.

அந்த நட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் அமுக்குவதற்கு 20 கிலோ எடை தேவைப்படும் ஸ்பிரிங் ஒன்றை 15 சென்டிமீட்டர் அமுக்கினால், அது 300 கிலோ எடைக்கு நிகரான விசையோடு திமிறிக்கொண்டிருக்கும். அதில் தேங்கியுள்ள ஆற்றல், 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். மூட்டை கீழ்நோக்கி விழும். ஸ்பிரிங்கோ எந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று பார்த்துப் பாயாது.

நான் கோத்தகிரிச் சாலையில் ஒரு பட்டறையில் தொழில் பழகிய நாள்களில், என்னைவிட மூத்த ஒருவர் அவசரத்தில், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரை மாட்டாமல், மேசை மேல் வைத்தே நடு நட்டைத் திருகினார். கடைசிப் புரி விடுபட்ட நொடியில் மவுண்ட் தட்டு மேலே பறந்து தகரக் கூரையில் ஒரு கிண்ணம்போல் பள்ளம் விழச் செய்தது. அவர் முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலிருந்துதான் எங்கள் தலையில் நீர் சொட்டும். யாரும் அதை அடைக்கச் சொல்லவில்லை.

ஆகவே நான் சொல்லும் யோசனை இது. ஸ்ட்ரட்டை முழுத் துண்டாக வண்டியிலிருந்து இறக்குவதும், மீண்டும் முழுத் துண்டாக ஏற்றுவதும் பொறுமையுள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடிய வேலை. ஸ்பிரிங்கைத் திறந்து ஷாக் அப்சார்பரை மாற்றுவதை மட்டும், சுவரில் பொருத்திய கம்ப்ரசர் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு கொக்கித் திருகுகளைக் கொண்டும் செய்யலாம் என்பார்கள், செய்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றை எதிரெதிராக மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாகக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். ஒன்று சற்று முந்தினாலும் ஸ்பிரிங் வளைந்து கொக்கி நழுவும். முதன்முறை செய்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னும் எளிய தொடக்கம் வேண்டுமென்றால் பின்பக்கத்தில் தொடங்குங்கள். பல சிறிய கார்களில் பின்பக்க ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருக்கும். அங்கேயும் ஆக்ஸிலுக்குக் கீழே ஒரு ஜாக்கியால் தாங்கல் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்ற வேண்டும். இல்லையென்றால் ஆக்ஸில் கீழே தொங்கி ஸ்பிரிங் வெளியே விழுந்துவிடும்.

அடுத்தது இடம். காணொளிகளில் வரும் மனிதர்களுக்குச் சமதளமான சிமெண்ட் தரை இருக்கிறது. நமக்கோ படி இறங்கித்தான் வீடு. சாலையோரச் சரிவில்தான் வண்டி. சரிவில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஒரு நாள் மட்டும் ஏதாவது சமதளத்தை இரவல் கேளுங்கள். ‘கியரில் போட்டிருக்கிறேன், நகராது’ என்று சொல்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். முன்சக்கரங்களால் இயங்கும் காரில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியலின் அமைப்பினால் அந்தரத்தில் நிற்கும் சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருளும். கியர் எதையும் பிடிக்காது. பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, அந்தச் சக்கரங்களின் முன்னும் பின்னும் கல்லோ மரக்கட்டையோ கொடுப்பதுதான் பாதுகாப்பு. பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கும் பயனற்றது. அப்போது முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. உடலின் உறுதியான இடத்தில் ஜாக்கி ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்த பிறகே அடியில் கை நீட்ட வேண்டும். மழையில் ஊறிய நம் செம்மண்ணில் ஸ்டாண்டின் கால் ஓசையில்லாமல் இறங்கும் என்பதால், கீழே தடித்த பலகை போடுவது நல்லது. ஹாலோ பிளாக்கை அடுக்கி நிறுத்துவது நான் அடிக்கடி காணும் தவறு. அது விரிசல் காட்டி எச்சரிக்காமல் ஒரேயடியாக நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டியின் அடியில் தள்ளிவையுங்கள். எல்லாம் தவறினாலும் அது தாங்கும்.

கழற்றும் முறையை அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும். நான் சில எச்சரிக்கைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். மூடுபனியும் மழையும் ஊறிய போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு விடுவிக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள், ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயும், பலவற்றில் அழுத்தப்பட்ட வாயுவும் இருக்கின்றன. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து முதலிலேயே விடுவியுங்கள். ஸ்ட்ரட்டின் கீழுள்ள இரண்டு போல்ட்டுகளை எடுத்தவுடன், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வெளிப்புறம் சாயும். அதைக் கம்பியால் கட்டி நிறுத்தாவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்ஜாயிண்ட் பிரிந்துவிடவும் கூடும். மலைச்சாலையில் ஓட்டும் வண்டியில் பிரேக் ஹோஸை இழுத்துப் பார்ப்பது வேண்டாத விளையாட்டு.

புதிய ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்து நட்டை இறுக்குபவர்கள் உண்டு. தண்டில் விழும் அந்தச் சிறு கீறல் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் சீலை அறுத்து, சில மாதங்களில் எண்ணெய் ஒழுக வைக்கும். பிறகு பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ரப்பர் புஷ் (அதிர்வை வாங்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்குவதும் அப்படிப்பட்ட தவறே. வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு இறுக்கினால்தான் புஷ் முறுக்கிக்கொள்ளாமல் நெடுநாள் உழைக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய நடு நட்டை மீண்டும் போடக் கூடாது. இறுக்கும் அளவைக் கைப்பழக்கத்துக்கு விடாமல், கையேட்டிலுள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

சென்ற மழைக்காலத்துக்குப் பின் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் இரண்டு ஸ்ட்ரட்டுகளைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் கொண்டுவந்தார். “அண்ணா, நடுவில இருக்கிறத நான் தொடவே இல்ல” என்றார். முக்கால் மணி நேரத்தில் இரண்டையும் திறந்து, மவுண்ட்டும் பேரிங்கும் மாற்றி, புதிய ஷாக் அப்சார்பரைப் பொருத்திக் கொடுத்தேன். மறுநாள் தானே வண்டியில் ஏற்றிவிட்டு, வீல் அலைன்மெண்ட் பார்க்க மெதுவாக ஓட்டி வந்தார். போல்ட் துளைகளிலுள்ள சிறு இடைவெளியே சக்கரத்தின் சாய்வை மாற்றிவிடும் என்பதால் இது தள்ளிப்போடக் கூடாத செலவு. நக்கிள் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சோதித்தேன், ஒன்றுகூட அசையவில்லை. வலப்பக்கச் சக்கர நட்டு ஒன்று மட்டும் கால் சுற்று போனது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாச் சக்கர நட்டுகளையும் மறுபடி பார்க்கும்படியும், அதுவரை மேட்டுப்பாளையம் இறங்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.